'ஆராய்க' என்னும் ஏவலும் ஆராயாத விடையும்: கலசப்பாக்கம் வட்டாரச் சான்றுகளை முன்வைத்து இளங்கலை வரலாற்றுக் கற்பித்தல் குறித்த விமர்சனம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டுக் கலைக் கல்லூரிகளின் இளங்கலை வரலாற்றுப் பாடத்தில் பகுப்பாய்வுச் சிந்தனை என்பது தகவல்களைக் கற்று முடித்த பின்னர் எட்டப்படும் உயர்படியாகக் கருதப்படுகிறது. வினாக்களுக்குப் படிநிலைக் குறியீடு இடும் நடைமுறை இக்கருத்தை மேலும் உறுதிப்படுத்தியுள்ளது. பகுப்பாய்வு வினாவின் ஏவற்சொல்லில் இல்லை, மாணவர் கையில் தரப்படும் சான்றில்தான் தொடங்குகிறது என்பதைத் திருவண்ணாமலை மாவட்டம் கலசப்பாக்கம், ஜவ்வாது மலை வட்டாரத்தின் இலக்கிய, நடுகல், வாய்மொழிச் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை விவாதிக்கிறது.

திறவுச்சொற்கள்: வரலாற்றுக் கற்பித்தல், பகுப்பாய்வுச் சிந்தனை, நடுகல், மலைபடுகடாம், மலையாளிப் பழங்குடியினர், தடைவிடை, நன்னூல்

முன்னுரை

ஒரு வினாவில் 'ஆராய்க' என்னும் சொல் இடம்பெறுவதனாலேயே அவ்வினா ஆராய்ச்சியைக் கோருகிறது என்று கொள்வதற்கில்லை. முதலாம் மகேந்திரவர்மனின் பண்பாட்டுப் பணிகளை ஆராயுமாறு கேட்கும் வினா இளங்கலை வரலாற்றுத் தேர்வுகளுக்குப் புதியதன்று. அதற்குரிய விடையும் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது: சமணத்திலிருந்து சைவத்திற்கு மாறியமை, மண்டகப்பட்டு முதலிய குடைவரைகள், மத்தவிலாசப் பிரகசனம், விசித்திரசித்தன், குணபரன், சித்திரகாரப்புலி ஆகிய விருதுப்பெயர்கள். இவை பிழையான செய்திகள் அல்ல. ஆனால் 'ஆராய்க' என்பதை நீக்கிவிட்டு 'விவரி' என்றோ 'கட்டுரை வரைக' என்றோ இட்டாலும் அவ்விடையில் ஒரு வரியும் மாறப்போவதில்லை. ஏவற்சொல் மாறியும் விடை மாறாதெனில் வினா எதைச் சோதிக்கிறது என்பதே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

மாணவர்க்குச் சிந்திக்கத் தெரியவில்லை என்பது கல்லூரி ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கும் குறை. சிந்திப்பதற்கு என்ன தரப்பட்டது என்னும் எதிர்வினா அங்கு அவ்வளவாகக் கேட்பதில்லை. கலசப்பாக்கம் இவ்வெதிர்வினாவை எழுப்புவதற்கு ஏற்ற இடம். ஜவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு இவ்வூரை ஒட்டி ஓடுகிறது. ஆண்டுதோறும் ரதசப்தமியன்று அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வது இவ்வாற்றுக்கே. பத்துப்பாட்டுள் ஒன்று பாடிய மலை இவ்வட்டத்திலேயே உள்ளதாகக் கொள்ளப்படுகிறது. தமிழ்நாட்டு நடுகற்கள் செறிந்த செங்கம் பகுதி அண்டையில் அமைந்துள்ளது. மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடையே தம் தோற்றம் பற்றிய வாய்மொழி மரபு உண்டு. சான்றுக்குக் குறைவில்லாத வட்டாரத்திலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர், சான்று என்பதையே பிறர் பார்த்து முடித்த ஒன்றாகக் கற்றுக்கொள்வது எவ்வாறு நேர்கிறது?

படிநிலைக் குறியீடுகளின் மயக்கம்

பெஞ்சமின் புளூமும் அவர்தம் குழுவினரும் 1956இல் வெளியிட்ட கல்வி நோக்கங்களின் வகைப்பாடு, 2001இல் ஆண்டர்சன், கிராத்வோல் ஆகியோரால் திருத்தம் பெற்றது. நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், படைத்தல் என்னும் அதன் ஆறு படிகளே இன்று நம் பாடத்திட்டங்களில் கே-1 முதல் கே-6 வரையிலான குறிகளாக வழங்குகின்றன. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் 2023ஆம் ஆண்டு மாதிரிப் பாடத்திட்டமும் இக்குறிகளைப் பின்பற்றுகிறது. பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள், ஐந்து ஐந்து மதிப்பெண் வினாக்கள், மூன்று பத்து மதிப்பெண் வினாக்கள் என 75 மதிப்பெண்ணுக்கு அமையும் தாளில் ஒவ்வொரு வினாவுக்கும் எதிரே அதன் படி குறிக்கப்படுகிறது.

இங்கு ஒரு நுட்பமான பிறழ்ச்சி நிகழ்கிறது. புளூமின் வகைப்பாடு கற்பவரின் மனச்செயலை வகைப்படுத்த எழுந்தது. நம் நடைமுறையில் அது வினாவின் நீளத்தை வகைப்படுத்தும் கருவியாகச் சுருங்கிவிட்டது. குறுவினா எனில் நினைவுகூர்தல், நெடுவினா எனில் மதிப்பிடல் என்னும் சமன்பாடு பொதுவாகச் செல்லுபடியாகிறது. பத்து மதிப்பெண்ணுக்குரிய நான்கு பக்க விடையை ஒரு சொல்லும் பிறழாமல் மனப்பாடமாக எழுதிய மாணவரும் அட்டவணையின்படி 'மதிப்பிடல்' படியை எட்டியவரே. மறுபுறம், 'இச்செய்தி எந்தச் சான்றிலிருந்து பெறப்பட்டது?' என்னும் ஒரு வரி வினா, இரண்டு மதிப்பெண்ணுக்குரியதாயினும், பல நெடுவினாக்களைவிட ஆழமான பகுப்பைக் கோரக்கூடும். குறியீட்டுப் பட்டியல் அதைக் கே-1 என்றே பதிவுசெய்யும்.

இவ்வகைப்பாட்டை ஏணியாகக் கொள்வதில் இன்னொரு சிக்கலும் உண்டு. முதலில் செய்திகளை மனத்தில் இருத்துக, ஆராய்ச்சியைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏணி சொல்கிறது. அந்தப் 'பின்னர்' இளங்கலையில் வருவதில்லை. முதுகலையிலும் பலர்க்கு வருவதில்லை. முனைவர் பட்டத்திற்குப் பதிவுசெய்த பின்னரே ஒரு கல்வெட்டுப் படியை முதன்முறையாகக் கையில் எடுக்கும் நிலை வரலாற்றுத் துறைகளில் வியப்புக்குரியதன்று.

சாம் வைன்பர்க் 1991இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அமெரிக்கப் புரட்சியின் தொடக்கமான லெக்சிங்டன் மோதல் பற்றிய ஆவணங்களை எட்டு வரலாற்றறிஞர்க்கும் எட்டு உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கும் அளித்து, படிக்கும்போது மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லுமாறு அவர் கேட்டார். மாணவர்கள் பாடத்தில் தேர்ந்தவர்கள். அறிஞருள் சிலர் அக்காலப்பகுதியில் சிறப்புப் பயிற்சி இல்லாதவர்கள். எனினும் அறிஞர்கள் ஆவணத்தை எழுதியவர் யார், எப்போது, எதற்காக என்பதையே முதலில் நோக்கினர். ஓர் ஆவணத்தை மற்றொன்றோடு ஒப்பிட்டனர். மாணவர்கள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை செய்தி திரட்டினர். பாடநூற்பகுதியை நம்பத்தக்கதென மாணவர் உயர்த்திவைக்க, அறிஞர் அதனை அடியில் வைத்தனர். செய்தியறிவின் அளவு இவ்வேறுபாட்டை விளக்காது. கையாளும் பழக்கமே விளக்கும்.

ஆட்சியாண்டு முப்பத்துநான்கு

மேற்கண்ட மகேந்திரவர்மனையே மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். அவன் ஆட்சிக்காலத்தைச் சில நூல்கள் கி.பி. 600–630 என்கின்றன, சில 590–630 என்கின்றன. எந்த நூல் கைக்குக் கிடைத்ததோ அந்த ஆண்டை மாணவர் மனத்தில் இருத்துகிறார். இரண்டையும் கண்டவர் குழம்பி ஆசிரியரிடம் கேட்டால், எதை எழுதினாலும் மதிப்பெண் கிடைக்கும் என்னும் ஆறுதலே விடையாக வரும். அந்த ஆறுதல் வகுப்பறையில் ஒரு நல்ல வினாவை மூடிவிடுகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த வட்டெழுத்து நடுகல் மகேந்திரவர்மனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டைக் குறிக்கிறது. அரசன் 600இல் அரியணை ஏறியிருப்பின் இவ்வாண்டு 633 ஆகும். 630இல் முடிந்ததாகச் சொல்லப்படும் ஆட்சிக்குள் அது அடங்காது. 590 எனின் 623 ஆகும், முரண் நீங்குகிறது. கழித்தலும் கூட்டலும் அறிந்த எவரும் செய்யக்கூடிய கணக்கு இது. ஆனால் கணக்கோடு வேலை முடிவதில்லை. நடுகல் குறிக்கும் மகேந்திரன் முதலாமவன்தான் என்பதை எவ்வாறு கொள்வது? இரண்டாம் மகேந்திரவர்மன் குறுகிய காலமே ஆண்டான் என்பதால் முப்பத்துநான்காம் ஆண்டு அவனுக்குப் பொருந்தாது. எழுத்தமைதியும் துணை நிற்கவேண்டும். ஆட்சியாண்டு முடிசூடிய நாளிலிருந்து எண்ணப்பட்டதா, இளவரசுப் பட்டம் பெற்ற நாளிலிருந்தா? பின்னது எனின் 600 என்னும் கருத்துக்கும் மீண்டும் இடமுண்டாகும். இங்கு மாணவர் பெறுவது ஓர் ஆண்டைப் பற்றிய முடிவு மட்டுமன்று. பாடநூலில் உறுதியாக அச்சிடப்பட்ட எண் ஒருவகை ஊகத்தின் மேல் நிற்கிறது என்பதையும், அவ்வூகத்தைத் தாங்கும் கல்லுள் ஒன்று தம் மாவட்டத்திலேயே கிடைத்தது என்பதையும் அவர் அறிகிறார்.

அக்கல் வேறு பலவற்றையும் சொல்கிறது. இறந்தவன் வாணர்குலத் தலைவனைச் சார்ந்தோரின் கீழிருந்த ஒரு வீரன். காஞ்சியின் அரசன் கல்லில் ஆண்டுக்கணக்காக மட்டுமே நிற்கிறான். அன்றாட அதிகாரம் அருகிலிருந்த வாணர் கையில் இருந்தது போலும். மண்டகப்பட்டில் வடமொழியில் பேசும் அதே அரசனின் பெயர் இங்கு வட்டெழுத்துத் தமிழில் வருகிறது. பல்லவ அரசின் ஆட்சி இம்மலையடிவாரங்களில் எவ்வகையில் நிலவியது என்னும் வினாவுக்கு விருதுப்பெயர்ப் பட்டியல் உதவாது. இரு கல்லெழுத்துகளையும் அருகருகே வைத்தால் உதவக்கூடும்.

வெட்சி, கரந்தை இலக்கணம் கற்ற மாணவர் நடுகல் என்றதும் 'ஆநிரை' என்று எழுதிவிடுவார். எடுத்தனூர்க் கல்லோ எருமையைக் குறிக்கிறது. எருமைமந்தையைக் காக்கப் பட்டவனுடன் கள்வரைக் கடித்துக் காத்த அவன் நாயும் அங்குப் பெயரோடு பொறிக்கப்பட்டுள்ளது. திணைத்துறை இலக்கணம் சான்றைப் படிக்க உதவுகிறதா, சான்றை மறைக்கிறதா என்பது தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் ஒன்றாக அமர்ந்து விவாதிக்கவேண்டியது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' நூலை வெளியிட்டது 1972இல். அரை நூற்றாண்டு கடந்தும் அந்நூல் இளங்கலை வகுப்பில் நூலின் பெயராக மட்டுமே அறியப்படுகிறது.

நவிரமும் நன்னனும்

இருபெருந்துறைகளுக்கிடையே சான்று சிதறுவதற்கு மலைபடுகடாம் மற்றோர் எடுத்துக்காட்டு. பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய இக்கூத்தராற்றுப்படையின் தலைவன் செங்கண்மாவின் நன்னன். பாட்டில் வரும் சேயாறு செய்யாறு என்றும், நவிரமலை கலசப்பாக்கம் வட்டத்துத் தென்மகாதேவமங்கலத்தை அடுத்த பருவதமலை என்றும் கொள்ளப்படுகின்றன. இளங்கலைத் தமிழ் வகுப்பில் இப்பாட்டு மலைவளம், வழியின் இடர்கள், இசைக்கருவிகள், விருந்தோம்பல் எனத் தலைப்புகளாகப் பிரிகிறது. வரலாற்று வகுப்பில் 'சங்ககாலச் சமூகநிலை' என்னும் நெடுவினாவின் உறுப்பாகக் கரைந்துவிடுகிறது. முன்னதில் அது சான்றாவதில்லை. பின்னதில் அது பாட்டாவதில்லை.

ஆற்றுப்படை என்னும் வகைமையே ஒரு வரலாற்றுச் சிக்கல். பரிசில் பெற்றவன் பெறாதவனை வள்ளலிடம் அனுப்பும் பாட்டு, அவ்வள்ளலின் நாட்டை எவ்வாறு காட்டும்? வழிநெடுகக் குறவரும் ஆயரும் உழவரும் மீனவரும் விருந்தளிப்பதாகப் பாடுவது அந்நாட்டு மக்களின் செழிப்பைக் காட்டுகிறதா, வள்ளலின் புகழுக்கு வேண்டிய அணியா? அதே பாட்டு யானை, பாம்பு, வழுக்குப்பாறை, கவண்கல் என இடர்களை விரிவாக எச்சரிப்பதை எவ்வாறு கொள்வது? புகழ்ச்சியே நோக்கமாயின் இவ்வெச்சரிக்கை எதற்கு? இவற்றுக்கு ஒரே விடை இல்லை. ஆனால் ஒவ்வொரு விடைக்கும் பாட்டின் அடிகளிலிருந்து ஆதாரம் காட்டவேண்டும், காட்டமுடியாதவற்றை விட்டுவிடவேண்டும்.

குறுந்தொகையின் 292ஆம் பாடலில் பரணர் ஒரு நன்னனைப் பேசுகிறார். ஆற்றுநீர் கொணர்ந்த காயைத் தின்ற பெண்ணைக் கொலைசெய்தவன் அவன். செங்கண்மாவின் வள்ளலும் இவனும் ஒருவரா, வெவ்வேறானவரா? ஆராய்ச்சியாளர் பொதுவாக இருவரெனப் பிரிப்பர். கொண்கானத்தோடு தொடர்புடையவன் ஒருவன், பல்குன்றக்கோட்டத்தவன் மற்றவன். அப்பிரிப்புக்கு ஊர்ப்பெயரும் மலைப்பெயரும் ஆதாரமா, ஒரு வள்ளல் அத்தகைய கொடுமை செய்திருக்கமாட்டான் என்னும் நம் விருப்பமும் அதில் கலந்துள்ளதா? இளங்கலை மாணவரிடம் இவ்வினாவை வைப்பதற்குப் பத்துப்பாட்டும் குறுந்தொகையும் போதும். புதிய வசதி ஏதும் வேண்டியதில்லை. உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்த 1889ஆம் ஆண்டு மட்டும் குறுவினாவாக வருகிறது. அப்பதிப்பில் அவர் பாடவேறுபாடுகளை எவ்வாறு எடைபோட்டார் என்பது வருவதில்லை.

உரைமரபு தரும் பாடம்

பகுப்பாய்வுச் சிந்தனையை மேலைநாட்டுச் சரக்கு எனத் தள்ளுவோரும், அனைத்தும் நம் முன்னோர் சொல்லிவிட்டனர் எனத் தழுவுவோரும் உண்டு. இருவருமே நன்னூலைப் பொதுப்பாயிரத்தோடு நிறுத்திக்கொள்கின்றனர். பவணந்தி கற்கும் முறையில் பாடம் போற்றலை ஓர் உறுப்பாகவே வைக்கிறார். வினாதலும் வினாயவற்றுக்கு விடுத்தலும் அதே வரிசையில் சம இடம் பெறுகின்றன. ஆசிரியர் உரைத்ததை முழுமையாகக் கொண்டாலும் புலமையில் காற்பங்கே அமையும் என்றும், உடன்பயில்வாரோடு பயில்வது மற்றொரு காற்பங்கு என்றும், பிறர்க்கு உரைப்பது எஞ்சிய அரைப்பங்கு என்றும் அவர் கணக்கிடுகிறார். குறிப்பெழுத வைக்கும் வகுப்பு இக்கணக்கின்படி அதிகபட்சமாகக் காற்பங்குக்குரியதே.

ஆயினும் இதைப் பெருமையாக மட்டும் எடுத்துக்காட்டுவது நன்னூலுக்கு நீதி செய்வதன்று. பவணந்தி காட்டும் மாணவர் ஆசிரியரின் குறிப்பறிந்து ஒழுகுபவர். அவருடைய வினா நூற்பொருளைத் தெளிவதற்கானது, நூலையே ஐயுறுவதற்கானதன்று. ஐயுறும் மரபைக் காண உரைகளுக்குச் செல்லவேண்டும். சொல்லதிகாரத்திற்கு உரைகண்ட சேனாவரையர் தமக்கு முற்பட்ட இளம்பூரணரின் கொள்கைகளை எடுத்துக்கூறி, காரணங்காட்டி மறுக்கிறார். எதிராளியின் கருத்தைச் சிதைக்காமல் முன்வைத்தல், அதற்கு எழக்கூடிய தடையைத் தாமே எழுப்பல், எடுத்துக்காட்டால் விடுத்தல், விடுக்கமுடியாதவிடத்து வேறு பொருள் கொள்ளல் ஆகிய தடைவிடைப் படிகள் அதில் தெளிவாகக் காணக்கிடைக்கின்றன. வைன்பர்க் அறிஞர்களிடம் கண்டதும் ஏறத்தாழ இதுவே. தமிழ் இளங்கலை மாணவர் சேனாவரையத்தைப் படிக்கும்போது முடிவுகளை மட்டும் குறித்துக்கொள்கிறார். மறுப்பின் நடையைக் கற்பதில்லை. சேனாவரையர் எவ்வாறு மறுத்தார் என்பதைவிட எதை மறுத்தார் என்பதே தேர்வுக்கு வேண்டியிருக்கிறது.

தம்மைப் பற்றிய பத்தி

இச்சிக்கல் வெறும் முறையியல் சார்ந்ததாக நின்றுவிடாத இடம் ஒன்று உண்டு. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவரும் மாணவர் தம் மக்களைப் பற்றிப் பாடத்தில் காண்பது பழங்குடியினர் என்னும் தலைப்பின் கீழ் ஒரு பத்தி. அப்பத்தியும் பெரும்பாலும் எட்கர் தர்ஸ்டனின் வழியில் வந்தது. 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய அவர் நூல், ஜவ்வாது மலை மலையாளிகளின் தோற்றக்கதையைப் பதிவுசெய்கிறது. கங்குந்தி வேடர் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டு மறுக்கப்பட்டு ஏழு பெண்களைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு வேளாளர் ஏழு நாய்களோடு புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பின் தாம் இறந்ததாகக் கொண்டு சடங்கு செய்யுமாறு மனைவியரிடம் கூறிச் சென்றனர். பாலாற்று வெள்ளத்தில் நாய்கள் பாதிவழியில் திரும்பிவிட்டன. வேடரை வென்று வீடு வந்த ஆடவர், தமக்கு ஈமக்கடன் முடிந்துவிட்டதைக் கண்டு, வேடர்குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலை ஏறினர். இதுவே கதை. (எடுத்தனூர்க் கல்லின் நாயை அறிந்தவர்க்கு இந்நாய்கள் சற்றே நின்று நோக்கத் தூண்டும்.)

இக்கதையைப் பாடமாக ஒப்பிப்பது எளிது. ஆராய்வது எவ்வாறு? கதை சக ஆண்டு 1055, அதாவது கி.பி. 1132 என ஓர் ஆண்டைத் துல்லியமாகத் தருகிறது. வாய்மொழிக் கதைக்கு இத்துணை உறுதியான ஆண்டு எங்கிருந்து வந்தது? சொன்னவர் ஆண்டும் சொன்னாரா, எழுதியவர் சேர்த்தாரா? சொன்னவர் மலையாளிகளா, மலையடிவாரத்து அலுவலரா? சேர்வராயன், கொல்லி, பச்சைமலை மலையாளிகள் மூன்று உடன்பிறந்தார் கதையைச் சொல்லும்போது இங்குக் கதை வேறாவது ஏன்? வேளாளர் வழிவந்தோம் என்னும் கூற்றைப் பதிவுசெய்த காலத்தில் அக்கூற்று யாருக்கு என்ன பயன் தந்தது?

இக்கடைசி வினாவின் கனத்தை மாணவரே அறிவார். அன்றைய வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களில் மலையாளிகள் பட்டியல் பழங்குடியினராக ஏற்கப்பட்டவர்கள். சமவெளி வேளாண்குடியின் கிளை என்னும் பழங்கதையும், பழங்குடி என்னும் சட்டநிலையும் ஒரே மாணவரின் கையில் சேர்ந்திருக்கின்றன. முன்னதைப் பொய்யென்று ஒதுக்கவோ பின்னதை ஐயுறவோ வேண்டியதில்லை. தோற்றக்கதை ஒரு சமூகம் தன்னை எவ்வாறு நிறுத்திக்கொண்டது என்பதற்குச் சான்று. குருதிவழிக்குச் சான்றாக அதைக் கொள்ளவேண்டுவதில்லை. சட்டநிலையோ வேறு அளவுகோல்களால் அமைவது. இவ்வேறுபாட்டை வகுப்பறை கற்றுத்தராவிடில், சான்றிதழ் கோரும் அலுவலகத்தில் அவர் அதை வேறு விதமாகக் கற்றுக்கொள்ள நேரும்.

2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனச் சொல்லப்பட்ட 20 பேர் சிறப்புக் காவற்படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுள் திருவண்ணாமலை மாவட்டத்தவரும் ஜவ்வாது மலைப்பகுதியினரும் பலர். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. இது போலி மோதல் என மனித உரிமை அமைப்புகள் வாதிட்டன. ஒரே நிகழ்வுக்கு இரு கூற்றுகள். அவற்றுக்கு அடியில் மலைநிலத்தின் பருவவேலை, இடைத்தரகர், வனச்சட்டம், கடன் ஆகியவற்றின் பொருளியல். இளங்கலைப் பொருளியலிலும் அரசியல் அறிவியலிலும் வறுமை, இடப்பெயர்வு, மனித உரிமைகள் என மூன்று தனித்தனி அலகுகள் உள்ளன. மூன்றும் இம்மலையடிவாரத்தில் ஒன்றாக முடிந்த நாளைப் பற்றி அவ்வலகுகளில் வரியேதும் எதிர்பார்ப்பதற்கில்லை. வகுப்பறையில் அதை எடுப்பது ஆசிரியர்க்கு எளிதன்று என்பதும் மறுக்கமுடியாதது. இறந்தோரின் உறவினர் அவ்வகுப்பிலேயே இருக்கக்கூடும். கூற்றுகளை ஒப்பிடும் பழக்கத்தை எடுத்தனூர்க் கல்லில் தொடங்கியிருந்தால் இவ்விடத்தை அணுகும் வழி சற்று முன்னரே திறந்திருக்கும்.

மறுப்புரைகள்

இதுவரை சொன்னவற்றுக்கு வலுவான தடைகள் உள்ளன. முதலாவது, மனப்பாடத்தை இழிவாகப் பேசும் உரிமை யாருக்கு உண்டு என்பது. கலசப்பாக்கத்திலிருந்தும் மலைமேலிருந்தும் வரும் மாணவருள் பலர் தம் குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரி காண்பவர்கள். வரலாற்றுப் பாடத்தை அவர்கள் தேர்வதற்கு அரசுப்பணித் தேர்வு ஒரு தலையாய காரணம். தமிழ்வழியில் பயின்றோர்க்கு 2010ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப்பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கிறது. தொகுதி நான்கு தேர்வின் 200 கொள்குறி வினாக்களுக்கும் ஒவ்வொரு விடையே உண்டு. அவ்வறையில் அமர்ந்து மகேந்திரவர்மனின் ஆட்சியாண்டை ஐயுறும் மாணவர் வேலையை இழப்பார். இத்தடை நேர்மையானது, 'தேர்வை நோக்கிக் கற்றல் தவறு' என்னும் பொது உபதேசத்தால் விடுக்கக்கூடியதன்று. எனினும் இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. 590, 623, 630 ஆகிய எண்களை வைத்து ஒரு மணிநேரம் வாதிட்ட மாணவர் அவற்றை மறப்பது அரிது. தொகுதி ஒன்று, இரண்டு ஆகியவற்றின் முதன்மைத் தேர்வுகள் விரித்துரைக்கும் விடைகளையே கேட்கின்றன. அங்குச் சான்றுகாட்டி எழுதும் பழக்கமுள்ளவரே முந்துவர்.

இரண்டாவது தடை வகுப்பின் அளவு. அறுபது பேர் அமர்ந்த அறையில், ஆண்டுக்காண்டு பணி நீட்டிப்பை எதிர்நோக்கும் கௌரவ விரிவுரையாளரிடம் சான்றாய்வை எதிர்பார்ப்பது பொருந்துமா? மத்தியப் பிரதேசத்து அனுபவம் ஒன்றை இங்குக் கருதலாம். 1982இல் தோன்றிய ஏகலைவ்யா நிறுவனம் அம்மாநில அரசுப்பள்ளிகள் சிலவற்றில் சமூக அறிவியலுக்குத் தனிப் பாடநூல்களை உருவாக்கியது. ஓர் ஊரின் கதை, படம், நிலவரைபடம் ஆகியவற்றிலிருந்து மாணவர் விடை தேடும்படி அவை அமைந்தன; தேர்வறையில் நூலைத் திறந்துவைத்து எழுதும் முறையும் நடப்பில் இருந்தது. பெருநகரப் பள்ளிகளிலன்றிச் சிற்றூர்களின் சாதாரண வகுப்புகளில் அது நிகழ்ந்தது. 2002இல் அரசு அத்திட்டத்தை நிறுத்தியது. அது கற்பித்தலின் தோல்வியாலா, நிருவாகத்தின் ஐயத்தாலா என்பது நெடுநாள் விவாதம். தேர்வுமுறையைத் தொடாமல் வகுப்பறையை மாற்றமுடியாது என அத்திட்டத்தினர் தொடக்கத்திலேயே கண்டுகொண்டதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

அகமதிப்பீட்டின் இருபத்தைந்து

அவ்வகையில் பாடத்திட்ட மாற்றத்திற்குக் காத்திராமல் கைவைக்கத்தக்கது அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண். அது வகுப்பாசிரியரின் கையில் உள்ளது. தற்போது அது மாதிரித் தேர்வு, வருகைப்பதிவு, ஒப்படைப்பு எனப் பங்கிடப்படுகிறது. ஒப்படைப்போ இணையத்திலிருந்தோ முந்தைய ஆண்டு மாணவரிடமிருந்தோ பெயர்த்தெழுதப்படுகிறது. அந்த ஒப்படைப்பின் இடத்தில் ஒரு நடுகல்லின் படியையும் அதன் வாசகத்தையும் தந்து, 'இக்கல் எவற்றை உறுதியாகச் சொல்கிறது, எவற்றை நாம் ஊகிக்கிறோம், எவற்றைப் பற்றிப் பேசவில்லை' என்னும் மூன்று வினாக்களை மட்டும் கேட்கலாம். உறுதியையும் ஊகத்தையும் பிரித்துக்காட்டியதற்கே மதிப்பெண் அமையவேண்டும். தமிழ்த்துறை வட்டெழுத்து வாசகத்தைப் படித்துக்காட்டவும் வரலாற்றுத்துறை காலக்கணக்கை எடுக்கவும் ஒரே அறையில் இரு ஆசிரியர் இரண்டு மணிநேரம் அமர்ந்தால் போதும். கால அட்டவணையில் அந்த இரண்டு மணிநேரத்தை ஒன்றுசேர்ப்பது கல்வெட்டைப் படிப்பதைவிடக் கடினம் என்பதைக் கல்லூரி அறிந்தோர் அறிவர்.

எஞ்சிய 75இல் சிக்கல் கூர்மையாகிறது. அத்தாள்கள் மையத் திருத்தத்திற்குச் செல்கின்றன. திருத்துநர் மாணவரை அறியார்; நாளொன்றுக்கு முடிக்கவேண்டிய கட்டுகள் அவர் முன் இருக்கும்; விடைக்குறிப்பு ஒன்றே அவருக்கு வழிகாட்டி. அகமதிப்பீட்டில் நடுகல்லைப் படித்துப் பழகிய ஒரு மாணவர், மகேந்திரவர்மனைப் பற்றிய பத்து மதிப்பெண் வினாவுக்கு விருதுப்பெயர்களை இரண்டு வரியில் முடித்துவிட்டு, ஆட்சியாண்டு முப்பத்துநான்கைக் கொண்டு 600 என்னும் தொடக்க ஆண்டை மறுத்து இரண்டு பக்கம் எழுதுகிறார் எனக் கொள்வோம். '600–630, விருதுப்பெயர்கள், குடைவரைகள்' என அச்சிட்ட குறிப்பைக் கையில் வைத்திருக்கும் திருத்துநர் அவ்விடைக்கு எத்தனை மதிப்பெண் இடவேண்டும் என்பதை, கே-5 எனக் குறியிட்ட அவ்வினாத்தாள் எங்கும் சொல்லவில்லை.